‘கெட்’ என்ற ஒரே வினையைக் கைக்குள் கொண்டுவருவது எப்படி? முதல் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் உயர்தரம் முடித்துவிட்டு விடுதி, கடை, தொண்டு நிறுவனம் என்று முதல் வேலைக்குப் போகிற பலருக்கும் ஒரே சிக்கல்தான். பாடப்புத்தக ஆங்கிலம் தெரியும், பரீட்சையிலும் சித்தி. ஆனால் எதிரே ஒருவர் பேசத் தொடங்கியதும் பெரிய சொற்கள் விளங்குகின்றன, சின்னச் சொற்கள் விளங்குவதில்லை. அந்தச் சின்னச் சொற்களில் முதலாவது ‘கெட்’. ஜீ, ஈ, டீ என்று மூன்றே எழுத்துத்தான். அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாக விளக்கம் போகிறது.

பாசிக்குடாப் பக்கம் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்த காலத்தில் இந்த வினையோடு நான் நிறையவே மல்லுக்கட்டினேன். கடைசியில் உதவிய வழியை ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். இதே வழியில் நீங்கள் போனால் பாதிக் காலமாவது மிஞ்சும்.

1. தேவையானவை, செலவு, காலம்

ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு பேனை, இணைய வசதியுள்ள ஃபோன். கொப்பிக்குச் சில நூறு ரூபா போகும், மற்றதெல்லாம் கிட்டத்தட்ட இலவசம். ஒக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் டிக்ஷனரீஸ், கேம்பிரிட்ஜ் டிக்ஷனரி இரண்டையும் ஒன்லைனில் காசில்லாமல் பார்க்கலாம். சொல்லைத் தொட்டால் பிரித்தானிய உச்சரிப்பும் அமெரிக்க உச்சரிப்பும் ஒலிக்கும். பழைய பாடப்புத்தகம் கையில் இல்லாவிட்டால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இருந்து ஆங்கிலப் புத்தகங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தரம் 8, 9 புத்தகங்களில் இருந்து தொடங்குங்கள். அது கீழே இறங்குவது ஆகாது, வாக்கியங்கள் அங்கேதான் தெளிவாக இருக்கின்றன.

காலம்: நாளுக்கு அரை மணித்தியாலம் வைத்து ஆறு வாரம் போதும். எப்போது தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். அறுகம்பையில் அலைச்சறுக்குப் பருவம் ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபர் வரை போகும். பருவம் தொடங்கியபின் கொப்பி திறக்க யாருக்கும் நேரம் கிடைக்காது. மாரி மழையில் வீட்டில் இருக்கும் மார்கழி, தை மாதங்களில் தொடங்கினால் வேலைக்கு ஆள் எடுக்கிற நேரத்துக்குத் தயாராகிவிடலாம்.

2. தமிழ் அர்த்தத்தைப் பாடமாக்காதீர்கள்

‘கெட் என்றால் பெறு’ என்று எழுதி வைத்துக்கொண்டு யாரும் முன்னேறியதை நான் பார்க்கவில்லை. பெறு, கிடை, வாங்கு, ஆகு, போய்ச்சேர், செய்வி, விளங்கு எல்லாமே ‘கெட்’தான். பட்டியலைப் பாடமாக்கினால் பேசும்போது எதை எடுப்பது என்று திணறுவீர்கள்.

அதற்குப் பதிலாக, ‘கெட்’டுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். பின்னால் ஒரு பொருள் வந்தால் கிடைத்தல். ‘டயர்ட்’, ‘வெட்’ மாதிரி ஒரு தன்மைச் சொல் வந்தால் ஆகுதல். ஓர் இடம் வந்தால் போய்ச்சேர்தல். பொருளும் அதன்பின் வினையின் மூன்றாம் வடிவமும் வந்தால் செய்வித்தல். கொப்பியில் இந்த நான்குக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள். கேட்கிற, வாசிக்கிற ஒவ்வொரு வாக்கியத்தையும் அதனதன் பக்கத்தில் எழுதுங்கள். முதல் வாரம் முழுக்க இந்தப் பிரிப்பு வேலை மட்டும் போதும்.

வரலாறு ஒரே வரியில்: 1200ஆம் ஆண்டையொட்டிப் ஸ்கண்டிநேவியாவில் பேசப்பட்ட பழைய நோர்ஸ் மொழியில் இருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. ‘அடைதல்’ என்ற பொருளோடு வந்ததால்தான் கடிதமும் கிடைக்கிறது, வீடும் போய்ச் சேர்கிறோம்.

3. ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்களைத் திருப்புங்கள்

தமிழ் பேசுகிற நமக்கு அதிகம் பயன்படுகிற படி இதுதான். ‘எனக்குக் கடிதம் கிடைத்தது’, ‘எனக்குக் காய்ச்சல் வந்தது’, ‘எனக்கு வேலை கிடைத்தது’, ‘எனக்குக் கோபம் வந்தது’ என்று சொல்கிறோம். தமிழில் கடிதமும் காய்ச்சலும் வேலையும்தான் எழுவாய், நாம் ‘எனக்கு’ என்று ஒதுங்கி நிற்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஐ’ முன்னுக்கு வந்துவிடும்: ‘ஐ கொட் அ லெட்டர்’, ‘ஐ கொட் அ ஜொப்’, ‘ஐ கொட் ஆங்க்ரி’. தம்பிக்கு டெங்கு வந்தது என்றால் ‘மை பிரதர் கொட் டெங்கி’. ‘டு மீ’ என்று எங்கும் வராது.

உங்கள் வீட்டுப் பேச்சில் ஒரு நாளில் வருகிற ‘எனக்கு’, ‘அவனுக்கு’, ‘அம்மாவுக்கு’ வாக்கியங்களை எழுதிப் பாருங்கள். அதில் வந்தது, கிடைத்தது என்று முடிகிறவற்றில் பெரும்பாலானவை ‘கொட்’டுக்குள் வந்துவிடும். ‘விளங்கிட்டு’ என்பதும் அப்படித்தான்: ‘ஐ கொட் இட்’.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்கு விருப்பம்’ போன்றவை இதில் சேராது. அவை திடீரென்று வருகிறவை அல்ல, ஏற்கெனவே இருக்கிறவை. அவற்றுக்கு ‘நோ’, ‘லைக்’ என்று தனி வினைகள் உண்டு.

இன்னொன்று: ‘ஹேவ் கொட்’ என்று சேர்ந்து வந்தால் ‘இருக்கிறது’ என்று பொருள். விருந்தினர் ‘ஹேவ் யூ கொட் அ ரூம்?’ என்று கேட்டால் அறை இருக்கிறதா என்றுதான் கேட்கிறார், அறை உங்களுக்குக் கிடைத்ததா என்று அல்ல. இறந்தகாலத்தில் இதற்கு ‘ஹேட்’ என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அமெரிக்கர்கள் ‘கொட்டன்’ என்று சொல்வார்கள். அது பெற்றதையும் ஆனதையும் குறிக்கும்போது மட்டும்தான், ‘இருக்கிறது’ என்பதற்கு அவர்களும் ‘கொட்’ என்றே சொல்வார்கள். நமக்குப் பள்ளியில் சொல்லித்தந்தது பிரித்தானிய வழக்கு. ‘கெட், கொட், கொட்’ என்பதோடு நின்றுவிடலாம்.

4. இருக்கும் நிலையும் ஆகும் நிலையும்

‘ஐ ஆம் டயர்ட்’ என்றால் களைத்துப்போய் இருக்கிறேன். ‘ஐ ஆம் கெட்டிங் டயர்ட்’ என்றால் களைப்பு வந்துகொண்டிருக்கிறது. ‘இட்ஸ் கெட்டிங் லேட்’ என்றால் நேரமாகிறது. நாம் ‘வெளிக்கிடுங்கோ’ என்று சொல்வதற்கு மிகக் கிட்டவான ஆங்கிலம் ‘கெட் ரெடி’.

நேர்முகப் பரீட்சையில் கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. ‘ஆர் யூ மேரிட்?’ என்பது நிலையைக் கேட்கிறது, ஆம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும். ‘வென் டிட் யூ கெட் மேரிட்?’ என்பது நாளைக் கேட்கிறது. விண்ணப்பப் படிவத்தில் திருமண நிலை என்ற கட்டத்தில் ‘மேரிட்’ என்று மட்டும் எழுதுங்கள், அங்கே ‘கொட்’ தேவையில்லை.

5. இடத்துக்குப் போய்ச் சேர்தல்

‘கெட் டு’ போட்டு இடத்தின் பெயரைச் சொல்லுங்கள்: ‘கெட் டு கல்முனை’, ‘கெட் டு த ஸ்டேஷன்’. ஆனால் ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தெயார்’ மூன்றுக்கும் ‘டு’ வராது. ‘கெட் டு ஹோம்’ என்பது நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கிற பிழை.

விடுதி வேலைக்குப் போகிறவர்கள் இந்த ஒரு கேள்வி பதிலைக் கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள். மட்டக்களப்பில் தங்கியிருக்கிற ஒருவர் ‘கேன் வீ கெட் டு அறுகம்பே பை ட்ரெய்ன்?’ என்று கேட்கிறார். அறுகம்பைக்குப் பக்கத்து ஊரான பொத்துவிலுக்கு ரயில் இல்லை. ‘நோ, பட் யூ கேன் கெட் அ பஸ் டு பொத்துவில், அண்ட் கெட் அன் ஓட்டோ ஃப்ரம் தெயார்’ என்று சொல்லுங்கள். கேள்வியில் ‘கெட்’ போய்ச்சேர்தல், பதிலில் இரண்டு தடவையும் ‘கெட்’ பிடித்தல். பதிலில் ஒரு பெரிய சொல்கூட இல்லை, கேட்டவருக்கு எல்லாம் விளங்கிவிடும்.

கல்லடிப் பாலம், பாலமீன்மடு வெளிச்சவீடு, பாசிக்குடா என்று ஊரில் கேட்கப்படுகிற ஐந்தாறு இடங்களுக்கு இப்படிப் பதில்களை எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

6. ஆளைக் கொண்டு செய்விப்பது: ஆவணங்கள் எல்லாம் இங்கேதான்

நாம் ‘தலைமயிர் வெட்டினேன்’ என்கிறோம். வெட்டியது கடைக்காரர். தமிழில் அது எல்லாருக்கும் விளங்கும். ஆங்கிலத்தில் ‘ஐ கட் மை ஹெயார்’ என்றால் கத்தரிக்கோலை நீங்களே பிடித்தீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். ‘ஐ கொட் மை ஹெயார் கட்’ என்று சொல்லவேண்டும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த அமைப்பு தெரியாவிட்டால் காசும் நாளும் வீணாகும். நிறுவனத்தில் இருந்து வருகிற மின்னஞ்சலில் ‘பிளீஸ் கெட் யுவர் சேர்ட்டிஃபிகேட்ஸ் சேர்ட்டிஃபைட்’ என்று இருந்தால், பிரதியின் அடியில் நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லவில்லை. அதற்கு அதிகாரமுள்ள ஒருவரிடம், உதாரணமாக ஒரு சமாதான நீதவானிடம், மூலத்தையும் பிரதியையும் கொண்டுபோய் உறுதிப்படுத்தி எடுக்கச் சொல்கிறார்கள். யாருடைய உறுதிப்படுத்தல் செல்லும் என்று அந்த நிறுவனத்திடமே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ‘கெட் இட் ட்ரான்ஸ்லேட்டட்’ என்று இருந்தால் பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கவேண்டும். வீட்டில் தம்பியை வைத்து மொழிபெயர்த்தால் எடுக்கமாட்டார்கள். மொழிபெயர்ப்புக் கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும், எத்தனை நாள் எடுக்கும் என்பதும் மாறும். இரண்டையும் கேட்டுவிட்டே கொடுங்கள்.

கிராம சேவகர் தருகிற வதிவிட, நற்சான்றிதழும் இப்படித்தான். அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும். ‘டிட் யூ கெட் இட் கவுன்டர்சைன்ட்?’ என்று கேட்டால் அதைத்தான் கேட்கிறார்கள். கிராம சேவகர் எல்லா நாளும் எல்லா நேரமும் அலுவலகத்தில் இருக்கமாட்டார், களவேலைக்கும் போவார். அவர் இருக்கிற நாளை விசாரித்துப் போங்கள். விண்ணப்ப முடிவு நாளுக்கு முதல் வாரத்தில் ஓடுவதை விட, அறிவித்தல் வந்த அன்றே தொடங்குவது நல்லது.

சொல் ஒழுங்கு: கெட், அப்புறம் பொருள், அப்புறம் மூன்றாம் வடிவம். ‘ஐ கொட் த ஃபோம் சைன்ட்’ சரி. ‘ஐ கொட் சைன்ட் த ஃபோம்’ பிழை. தமிழில் ‘கையெழுத்து வாங்கினேன்’ என்று வினை ஒட்டியே வருவதால் நமக்கு இந்த இடம் சறுக்கும்.

செய்கிற ஆளையும் சொல்லவேண்டுமானால் நடுவில் ‘டு’ வரும். விருந்தினர் அறையில் மின்விசிறி ஓடவில்லை என்று சொன்னால், ‘ஐல் கெட் சம்வன் டு லுக் அட் இட்’. வரவேற்பு மேசையில் இதைப்போல் உதவுகிற வாக்கியம் வேறு இல்லை. மின்விசிறி, தண்ணீர்க் குழாய், வைஃபை, நுளம்புவலை, எது கெட்டாலும் இது பொருந்தும்.

7. ஏறுவதும் இறங்குவதும்

பஸ், ரயில், மோட்டார்சைக்கிள்: ‘கெட் ஒன்’, ‘கெட் ஒஃப்’. ஓட்டோ, கார், வாவியில் ஓடுகிற தோணி: ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. நின்றபடி ஏறி நடக்கக்கூடியதும், கால்போட்டு உட்காருவதும் ‘ஒன்’. குனிந்து உள்ளே போய் உட்காருவது ‘இன்’. இந்த அளவுகோல் பெரும்பாலும் சரிவரும்.

நாம் பஸ்ஸில் இருந்து இறங்குவதை ‘கெட் டவுன்’ என்போம். இலங்கை முழுவதும் அப்படித்தான் பேசுகிறார்கள். கொழும்பில் இருந்து சாமான் எடுப்பிப்பதையும் ‘கெட் டவுன்’ என்போம். இது நம் நாட்டு ஆங்கிலம், இதற்காக யாரும் வெட்கப்படவேண்டியதில்லை. நமக்குள் அப்படியே பேசுங்கள். வெளிநாட்டவருக்கு வழி சொல்லும்போது மட்டும் ‘கெட் ஒஃப் அட் களுவாஞ்சிகுடி’ என்று சொல்லுங்கள், தடுமாறாமல் இறங்குவார். சாமான் எடுப்பிப்பதற்கு ‘ஓர்டர்’ என்ற சொல் எல்லாருக்கும் விளங்கும்.

ஃபோனில் வருகிறவை இரண்டு. ‘ஐ குடின்ட் கெட் த்ரூ’ என்றால் அழைப்பு இணைப்பு எடுக்கவில்லை. ‘வீல் கெட் பேக் டு யூ’ என்றால் பிறகு பதில் சொல்கிறோம். நேர்முகத்தின் கடைசியில் இதைச் சொன்னால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை, கிடைக்காது என்றும் அர்த்தமில்லை. எப்போது என்று அங்கேயே மரியாதையாகக் கேளுங்கள்: ‘மே ஐ நோ வென் ஐ குட் எக்ஸ்பெக்ட் டு ஹியர் ஃப்ரம் யூ?’ சொன்ன நாள் தாண்டி ஒரு வாரம் போனால் ஒரு சின்ன மின்னஞ்சல் போடுங்கள். இதை நம் பிள்ளைகள் பலர் செய்வதில்லை, தொந்தரவாக நினைப்பார்களோ என்று பயப்படுகிறார்கள். பயப்படத் தேவையில்லை.

8. காதைப் பழக்குங்கள்

மூன்றாம், நான்காம் வாரத்தை இதற்கு ஒதுக்குங்கள். வேகமாகப் பேசும்போது ‘கொட் டு’ ஒட்டி ‘கொட்ட’ என்று கேட்கும், ‘கெட் இட்’ என்பது ‘கெடிட்’ ஆகும். பிபிசி லேர்னிங் இங்கிலிஷ் தளத்தில் சின்னச் சின்ன ஒலிப்பதிவுகள் எழுத்து வடிவத்தோடு இலவசமாக இருக்கின்றன. முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். எத்தனை ‘கெட்’ கேட்டது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு எழுத்தைப் பார்த்துச் சரிபாருங்கள், ஏதாவது தவறியிருந்தால் அந்த வரியை மட்டும் திரும்பக் கேளுங்கள்.

ஒரு குறிப்பு: ஃபோன் அடிக்கும்போதோ யாராவது கதவைத் தட்டும்போதோ கூட இருக்கிறவர் ‘ஐல் கெட் இட்’ என்றால், ‘நான் பார்க்கிறேன், நீங்கள் இருங்கள்’ என்று பொருள். சாப்பாட்டு மேசையில் பில் வரும்போது அதே வாக்கியம் ‘நான் காசு கொடுக்கிறேன்’ ஆகிவிடும். எந்த இடத்தில் சொன்னார் என்பதையும் கொப்பியில் வாக்கியத்தோடு எழுதி வையுங்கள்.

9. எழுத்தில் எங்கே விடவேண்டும்

பேச்சிலும் வட்ஸ்அப்பிலும் தாராளமாகப் பாவியுங்கள். அலுவலகக் கடிதத்தில் ‘கெட்’ கொஞ்சம் சாவகாசமாகத் தெரியும். அங்கே கிடைத்ததற்கு ‘ரிசீவ்’, முயன்று பெற்றதற்கு ‘ஒப்டெய்ன்’, ஆனதற்கு ‘பிகம்’, போய்ச் சேர்ந்ததற்கு ‘அரைவ்’. ‘ஐ டிடின்ட் கெட் யுவர் ரிப்ளை’ என்பதை ‘ஐ ஹேவ் நொட் யெட் ரிசீவ்ட் யுவர் ரிப்ளை’ என்று மாற்றினால் போதும், கடிதத்தின் தோரணையே மாறிவிடும்.

எதிர்ப்பக்கப் பொறியும் உண்டு. விருந்தினருக்கு அனுப்புகிற செய்தியில் ‘யூ கேன் ஒப்டெய்ன் அ பஸ்’ என்று எழுதாதீர்கள். பஸ் பிடிப்பதற்கு ‘கெட்’ தான் பொருத்தம்.

பிரதேச செயலகத்துக்கு எழுதுவதற்காக ஆங்கிலத்தோடு அல்லல்படவே வேண்டாம். தமிழும் அரச கரும மொழி, கிழக்கு மாகாணத்தில் நிர்வாக மொழியும்கூட. தமிழில் எழுதிக் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

10. வகுப்புக்கும் தேர்வுக்கும் பணம் கட்டுமுன்

ஆறு வாரம் முடிந்தும் பேச ஆள் இல்லை என்று தோன்றினால் மட்டும் பேச்சு ஆங்கில வகுப்பைத் தேடுங்கள். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று மூன்றிலும் வகுப்புகள் இருக்கின்றன. ‘முப்பதே நாளில் சரளம்’ என்ற விளம்பரத்தைக் கண்டு முழுக் கட்டணத்தையும் ஒரேயடியாகக் கட்டாதீர்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் பேசக் கிடைக்கும், மாதாமாதம் கட்டலாமா, முதல் வகுப்பை இருந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். நாற்பது பேர் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்து எழுதுகிற வகுப்பு உங்களுக்குத் தேவையில்லை, அதை நீங்கள் கொப்பியில் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். இரண்டு நண்பர்கள் சேர்ந்து மாலையில் அரை மணித்தியாலம் ஆங்கிலத்தில் மட்டும் பேசினால் பல வகுப்புகளை விட அது மேல்.

வெளிநாடு போவதற்காக ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்கள் ஒன்பதாம் படியை இரண்டு தடவை வாசியுங்கள். பொதுப் பயிற்சிப் பிரிவின் (‘ஜெனரல் ட்ரெய்னிங்’) எழுத்துத் தேர்வில் முதல் கேள்வி குறைந்தது 150 சொற்களில் ஒரு கடிதம். நண்பருக்கு எழுதச் சொன்னால் ‘கெட்’ இயல்பாக வரலாம், முகாமையாளருக்கு என்றால் ‘ரிசீவ்’ பக்கம் போங்கள். கேள்வியில் யாருக்குக் கடிதம் என்பதைக் கோடிட்டுவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். அதனால் விண்ணப்பிக்கப் போகிற கல்லூரியோ நாடோ முடிவாகாமல் தேர்வுக்குப் பணம் கட்டவேண்டாம். கட்டணம் அடிக்கடி மாறுகிறது. பதியும் அன்று தேர்வு நடத்துகிற நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள், இடைத்தரகர் சொல்கிற தொகையை நம்பாதீர்கள். பதியும்போது எந்த அடையாள ஆவணத்தின் இலக்கத்தைக் கொடுத்தீர்களோ அதே ஆவணத்தைத் தேர்வு நாளிலும் கொண்டுபோகவேண்டும், பிரதி செல்லாது. உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துகள் கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பில் இன்னொரு விதமாகவும் இருந்தால், அதைத் திருத்தி எடுத்தபிறகு பதியுங்கள்.